பாலுக்கும் எலுமிச்சைக்கும் ராஜி

வைகாசி மாதத்தில் காஞ்சிபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு தடவை போய் வாருங்கள். ஆனால் குடையோடு போய் வாருங்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்குப் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் கருட சேவை. ஊர் கொள்ளாத கூட்டம். தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே தார் ரோடு. அத்தனை ஜனங்களையும் அன்று மயங்கி விழாமல் தாங்கிப் பிடிப்பவை இரண்டு: ஒன்று பக்தி, மற்றொன்று நீர்மோர்.

அந்த மோரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். இஞ்சி மிதக்கும், கறிவேப்பிலை மிதக்கும், கொத்தமல்லி மிதக்கும். கை தேர்ந்தவர்கள் கலக்கிய மோரானால், நடு நரம்பை உரித்துவிட்டுக் கிள்ளிப் போட்ட நார்த்தை இலையோ எலுமிச்சை இலையோ இருக்கும். டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதே அந்த வாசனை வந்துவிடும். பால் வகை, புளிப்பு, பச்சிலை மணம் ஆகிய மூன்றும் ஒரே டம்ளரில்!

இத்தனை இருந்தும் குழந்தைகளின் கண் மோர்ப் பந்தலில் இருப்பதில்லை. அது ஐஸ் வண்டியின் மேல்தான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணும்மா! குச்சி ஐஸ்!"

"வேண்டாண்டா கண்ணா, தொண்டை கட்டிக்கும்."

இந்தச் சம்பாஷணை நடக்காத வீடு தமிழ்நாட்டில் இல்லை. இதில் யார் பக்கம் நியாயம்?

உள்ளதைச் சொன்னால் ஆளுக்குப் பாதி. ஜலதோஷம் ஐஸினால் வருவதல்ல; அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் வைரஸ் கிருமியால் வருவது. அந்த மட்டில் குழந்தை ஜெயித்தது. ஆனால் அம்மாவின் பயத்துக்கு வேறொரு நல்ல காரணம் உண்டு. ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதுதான் அது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டைபாய்டு கிருமியும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கிருமியும் ஐஸுக்குள் பிழைத்திருக்கக் கூடியவை. காய்ச்சிக் கொதிக்க வைத்தால்தான் அவை சாகும். நல்ல தண்ணீரில் சுத்தமாகச் செய்து விற்கிறவர்கள் இல்லாமலில்லை. ஆனால் குச்சியைப் பார்த்து, சிவப்பு நிறத்தைப் பார்த்து, உள்ளே இருப்பது எந்தத் தண்ணீர் என்று சொல்ல முடியாதல்லவா?

ஆகையால் குழந்தையும் அழ வேண்டாம், அம்மாவும் பயப்பட வேண்டாம். மோர்ப் பந்தலின் மணத்தை அப்படியே குச்சியில் ஏற்றி வீட்டிலேயே உறைய வைத்துவிடலாம். வெண்ணெய் போல் நாவில் கரைய வேண்டும். எலுமிச்சை மணக்க வேண்டும். பச்சிலை மணமும் வேண்டும். அடுப்படியில் நிற்க வேண்டியதோ ஐந்து பத்து நிமிஷம். கோடையில் இதைவிட வேறென்ன சௌகரியம் வேண்டும்?

ஒரே ஒரு சங்கடம்தான் உண்டு.

பழைய பகை

பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரிந்துவிடும். பாலில் உள்ள புரதம் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மணிகளாக மிதந்துகொண்டிருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதால்தான் அவை ஒட்டாமல் இருக்கின்றன. புளிப்புச் சேர்ந்ததும் அந்தத் தள்ளல் போய்விடுகிறது. மணிகள் கட்டியாகச் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர் தனியே நிற்கிறது. பால் சூடாக இருந்தாலோ கேட்கவே வேண்டாம், கண் மூடித் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். இதை உறைய வைத்தால் கிடைப்பது ஐஸ் அல்ல. மணல் போன்ற ஒரு வஸ்து.

பல பேர் ஒரு தடவை முயன்று கைவிடுவது இதனால்தான். ஆனால் இந்தப் பகைக்கு ராஜி உண்டு. ஒன்றல்ல, மூன்று வழிகள் உண்டு. அதற்கு ஒரு சூட்சுமம் தெரிந்திருந்தால் போதும். எலுமிச்சையின் புளிப்பு சாற்றில் இருக்கிறது. மணமோ தோலிலும் இலையிலும் உள்ள எண்ணெயில் இருக்கிறது. பாலுக்குப் பகை புளிப்போடுதான். மணத்தோடு ஒரு சண்டையும் இல்லை.

முதல் ராஜி: தயிர்

தயிர் என்பது ஏற்கெனவே புளித்து உறைந்த பால். திரிவதற்கு அதில் இனிமேல் எதுவும் பாக்கி இல்லை. ஆகவே எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகத் தாங்கும். காஞ்சிபுரத்துக் கோவில் இட்லியைச் சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். தயிரின் புளிப்பும் சுக்கு, மிளகு, சீரகத்தின் மணமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன!

7 குச்சிகளுக்கு வேண்டியவை: கெட்டித் தயிர் 600 கிராம், சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 75 மில்லி, பாலேடு 3 மேஜைக்கரண்டி, எலுமிச்சம்பழம் 2, புதினா இலை 15 அல்லது 20, உப்பு ஒரு சிட்டிகை.

தயிரை மெல்லிய துணியில் கட்டி, 3 மணி நேரம் குளிர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். காஞ்சிபுரத்துச் சமாசாரம் என்பதற்காகப் பட்டுப் புடவைத் தலைப்பைத் தேட வேண்டாம். துவைத்துக் கொதிநீரில் போட்டெடுத்த பழைய மல் வேட்டித் துண்டு போதும். தண்ணீர் வடிந்து, தயிர் ஏறக்குறையப் பாதி எடைக்கு வந்துவிடும். இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் அதிகமிருந்தால் பெரிய பெரிய ஐஸ் துகளாக உறைந்து பல்லில் நறநறக்கும்.

சர்க்கரையையும் தண்ணீரையும் ஒரு கொதி விட்டு இறக்குங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும், கசக்கிய புதினாவையும், துருவிய எலுமிச்சைத் தோலையும் அதில் போட்டு அரை மணி மூடி வையுங்கள். கொதிக்கும்போதே போட்டால் புதினா கறுத்து, கஷாய வாசனை வந்துவிடும். தோலைத் துருவும்போது மேலாக நிறமுள்ள பாகத்தை மட்டும் துருவ வேண்டும். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும்.

பாகை வடிகட்டி, நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். வடித்த தயிரையும் பாலேட்டையும் மத்தால் மெதுவாகக் கடைந்து, பாகைச் சேர்த்து, கடைசியில் ஒரு பழத்தின் சாற்றையும் உப்பையும் சேருங்கள். கை வேகத்தில் பலமாகக் கடைந்துவிட்டால் வெண்ணெய் திரண்டுவிடும். பிறகு ஐஸுக்குப் பதிலாக அடைக்குத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான்!

இரண்டாவது ராஜி: இலை

பால் ஐஸ்தான் வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தால், பழத்தை விட்டு இலையைப் பிடியுங்கள். நார்த்தை இலையிலும் எலுமிச்சை இலையிலும் மணம் உண்டு. பாலைத் திரிக்கும் அளவுக்குப் புளிப்பு இல்லை. பழ வாசனையும் பச்சிலை வாசனையும் ஒரே இலையில்!

ஒரு லிட்டர் பாலை அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சிப் பாதியாகச் சுண்டவையுங்கள். நேரமாவது இது ஒன்றுக்குத்தான். இரண்டு தேக்கரண்டி ஆரோரூட் மாவைக் கொஞ்சம் ஆறின பாலில் கரைத்து ஊற்றி, இரண்டு கொதி விடுங்கள். 90 கிராம் சர்க்கரை சேர்த்து இறக்குங்கள். நடு நரம்பு நீக்கிக் கிழித்த 4 நார்த்தை இலைகளையும் 8 துளசி இலைகளையும் போட்டு, கால் மணி நேரம் மூடி வைத்து வடிகட்டுங்கள். அதற்கு மேல் ஊறினால் கசப்பு இறங்கும். இலை கிடைக்காத பட்டணவாசிகள் ஒரு பழத்தின் துருவிய தோலைப் போடலாம். ஆனால் சாறு ஒரு சொட்டுக்கூடக் கூடாது, ஜாக்கிரதை! ஆறு குச்சி வரும்.

மூன்றாவது ராஜி: தேங்காயும் டப்பாப் பாலும்

இனிப்புச் சேர்த்துச் சுண்டிய டப்பாப் பாலில் சர்க்கரை மிக அதிகம். அதில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் வேடிக்கை பாருங்கள்: திரியாமல், கூழ் போலக் கெட்டியாகும். தேங்காய்ப் பாலில் பசும்பாலின் புரதமே கிடையாது. ஆகையால் இரண்டும் எலுமிச்சைக்குச் சிநேகிதர்கள்.

டப்பாப் பால் 200 கிராம், எலுமிச்சைச் சாறு 50 மில்லி, கெட்டித் தேங்காய்ப் பால் 125 மில்லி, கொதித்த தண்ணீர் 75 மில்லி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அதில் ஒரு கைப்பிடி திருநீற்றுப்பச்சிலையையும், தட்டிய சின்ன இஞ்சித் துண்டையும் ஊறவைத்து வடிகட்டுங்கள். டப்பாப் பாலில் சாற்றைச் சேர்த்துக் கலக்கி, கெட்டியானதும் மற்றவற்றைச் சேருங்கள். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சப்ஜா விதை இந்தத் திருநீற்றுப்பச்சிலையின் விதைதான். ஒரு தேக்கரண்டி விதையைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஊறவைத்துக் கலந்தால், குச்சி ஐஸுக்குள் முத்து முத்தாகத் தெரியும். இதிலும் ஆறு குச்சி.

சர்க்கரையைக் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல. அது தண்ணீர் முழுவதையும் கல்லாக உறையவிடாமல் தடுத்து, ஐஸை மென்மையாக வைக்கிறது. ரொம்பக் குறைத்தால் பல் உடையும். ரொம்பக் கூட்டினால் உறையவே உறையாது. சர்க்கரை ஆகாத பெரியவர்களுக்கு ஒரு தனி யோசனை: உப்பும் இஞ்சியும் நார்த்தை இலை வாசனையும் சேர்த்த கெட்டி மோரை ஐஸ் தட்டில் கட்டிகளாக உறைய வையுங்கள். நீர்மோர் டம்ளரில் இரண்டு கட்டியை மிதக்கவிட்டால், மோர் நீர்த்துப்போகாமல் ஜில்லென்று இருக்கும்.

அச்சும் குச்சியும்

இதற்கென்று அச்சு வாங்கினால் சரி. இல்லாவிட்டால், வாய் அகன்ற சின்ன எவர்சில்வர் டம்ளர்களே போதும். அவற்றில் சீக்கிரமும் உறையும். பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம். தயிரும் எலுமிச்சையும் அவற்றோடு சேர்ந்தால் களிம்பு ருசி வரும், உடம்புக்கும் ஆகாது.

டம்ளரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் பருக்கும். ஒரு விரற்கடை இடம் விடுங்கள். மேலே காகிதமோ அலுமினியத் தாளோ மூடி, நடுவில் ஒரு கீறல் போட்டு, அதன் வழியாகக் குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும். புதுக் குச்சியாக வாங்கி வெந்நீரில் போட்டெடுத்துக்கொள்ளுங்கள். குச்சி இல்லையென்றால் சின்ன ஸ்பூன் இருக்கிறது. ஃபிரீஸரில் 6 முதல் 8 மணி நேரம். இரவில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டால், மறுநாள் மத்தியான வெயிலுக்குத் தயார். எடுக்கும்போது குழாய்த் தண்ணீரில் அரை நிமிஷம் டம்ளரை நனைத்துத் திருகினால் வழுக்கிக்கொண்டு வரும்.

மின்சாரம் நின்று ஐஸ் உருகிவிட்டால், அதை மறுபடி உறையவைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது உத்தமம். நாளானால் ஃபிரீஸர் வாசனை ஏறிவிடும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில்

இந்தக் குச்சி ஐஸ் பிறந்த கதை ஒன்று உண்டு. 1905-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பிராங்க் எப்பர்ஸன் என்ற 11 வயதுப் பையன், சோடாப் பொடி கரைத்த தண்ணீரைக் கலக்கிய குச்சியோடு வாசலில் மறந்து வைத்துவிட்டான். அன்று இரவு கடுங்குளிர். காலையில் பார்த்தால் குச்சியோடு ஐஸ்! பெரியவனான பிறகு அதற்கு உரிமை கோரி விண்ணப்பித்தான். 'பாப்சிகிள்' என்ற பெயரும் அதற்கு வந்தது.

அந்தப் பையனுக்குக் குளிர் வாசலிலேயே கிடைத்தது. நமக்கு? ஒரு காலத்தில் நமக்குக் குளிர் கப்பலில் வந்தது. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஏரிகளில் வெட்டிய ஐஸ் பாளங்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. 180 டன் ஏற்றியதில் வந்து சேர்ந்தது சுமார் 100 டன். பிறகு சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைச் சேமிக்கக் கடற்கரையில் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அந்தக் கட்டடத்திலேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். இயந்திர ஐஸ் வந்ததும் கப்பல் ஐஸ் போயிற்று. சுற்றுப்புறத்துக்குப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நல்ல வேளையாக இன்று ஐஸ் பாளத்துக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் 3 கிலோ ஐஸை உடைத்து, அதோடு ஒரு கிலோ கல்லுப்பைக் கலந்துகொள்ளுங்கள். உப்பு ஐஸை உருகச் செய்கிறது. உருகுவதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து அது உறிஞ்சிக்கொள்கிறது. நன்றாகக் கலந்தால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை கூட இறங்கும். ஆகையால் அதில் விரலை வைத்துப் பார்க்கக் குழந்தைகளை விடாதீர்கள். ஒரு வாளியில் இந்தக் கலவையைக் கொட்டி, வாயைக் கட்டிய டம்ளர்களை அதில் கழுத்தளவு புதைத்து, வாளியைச் சாக்கால் மூடி வையுங்கள். ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். கடையில் வாங்கிய அந்த ஐஸ் டம்ளருக்கு வெளியேதான் இருக்க வேண்டும்; உள்ளே ஒரு துளி போகக் கூடாது. எடுக்கும்போது டம்ளரின் வெளிப்புறத்தையும் விளிம்பையும் காய்ச்சி ஆறிய தண்ணீரால் அலம்பிவிட்டுப் பிறகு திறங்கள்.

தறி இருக்கும் வீட்டில்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீடு வேறு, தொழிற்சாலை வேறு அல்ல. ஒரு பக்கம் தறி. ஒரு பக்கம் அடுப்பு. கணவர் தறியில் இருப்பார். மனைவி தார் சுற்றிக்கொண்டிருப்பார். நடுவே குழந்தைகள் ஓடுவார்கள். நாட்கணக்கில் நெய்த பட்டின் மேல் சர்க்கரைப் பாகு ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும்? அந்தக் கறை கூலியில்தான் வந்து நிற்கும். அந்த வீட்டு அம்மா 'வேண்டாம்' என்று சொல்வதில் தொண்டை வலியைவிடப் பெரிய கவலை இருக்கிறது.

இதற்கும் வழி உண்டு. ஒரு தொன்னையின் நடுவே துளையிட்டு, குச்சியை அதன் வழியே கீழே இறக்குங்கள். சொட்டுகிறதெல்லாம் தொன்னையில் விழும். ஆரோரூட் சேர்த்த பால் ஐஸ் தண்ணீர் ஐஸைப் போல் உடனே வழிந்தோடவும் ஓடாது. சாப்பிட்டு முடித்துக் கை அலம்பிய பிறகுதான் உள்ளே வரலாம் என்று ஒரு சட்டமும் போட்டுவிடுங்கள். தறி இல்லாத வீடானாலும் என்ன? வெள்ளைச் சட்டையும் சோபா உறையும் இருக்கின்றனவே!

இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் ராஜியைச் செய்து பாருங்கள். தயிரைக் கட்டித் தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலையை ஃபிரீஸர் பார்த்துக்கொள்ளும். அச்சில் ஊற்றுவதற்கு முன் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு தடவை எண்ணிக்கொள்ளுங்கள். வழக்கமாக அந்த எண்ணிக்கையில் விட்டுப்போகிறவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை அவருக்கும் ஒரு குச்சி ஊற்றிவிட்டு ஃபிரீஸரை மூடுங்கள்.